முதல் வளையத்துக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவது, என் தங்கை பிரசவத்தோடு விட்டுவிட்டுப் போன பெண். கைக்குழந்தையாக வந்தவள், அதனால் என்னைத்தான் அம்மா என்பாள். மற்ற நால்வரும் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். இவள் ஒருத்திதான், பள்ளிக்கூடம் போகிற மகளையும் வைத்துக்கொண்டு, என்னோடு ராஜபாளையத்தில் இருக்கிறாள். ராக்கெட்டுக்கு வளையம் செய்கிறாள்.

பஸ்ஸில் யாராவது "மக என்ன வேல பாக்கா?" என்று கேட்டு நான் இதைச் சொன்னால், ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார்கள் போல. நினைத்துவிட்டுப் போகட்டும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. எழுத்துக்கூட்டப் பழகியது மில்லில்தான், பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பார்த்து. முப்பது வருஷம் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் நின்றேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். விரலால் தடவினால் முடிச்சு இருப்பதே தெரியக்கூடாது. என் கோனில் முடிச்சு தட்டுகிறது என்று ஒரு நாளும் புகார் வந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

மகள் இன்ஜினியரிங் படித்தாள். படித்து முடித்துக் காற்றாலை இறக்கை செய்கிற கம்பெனியில் சில வருஷம் இருந்தாள். அந்த இறக்கையெல்லாம் இரும்பு இல்லை, துணிதானாம். கண்ணாடி இழையில் நெய்த துணியைப் பசையில் நனைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டில் வைத்தால் இறுகிவிடும். வேலையைக் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தவள், ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், பேண்டேஜ் துணி நெய்த தறி ஷெட் ஒன்று சும்மா கிடந்ததை வாடகைக்குப் பிடித்தாள். அந்தத் தறியில் நின்ற பெண்கள் எட்டுப் பேரையே வேலைக்கு வைத்துக்கொண்டாள். முதலில் தண்ணீர்த் தொட்டியும் டிராக்டருக்கு மூடியும் செய்தார்கள். பிறகுதான் ராக்கெட் கம்பெனி வந்தது.

"கவர்மெண்டு ராக்கெட்டா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. சின்ன கம்பெனி. மெட்ராஸ் பக்கம். ஒரு நாப்பது பேரு இருப்பாவ."

"நாப்பது பேரா? நம்ம மில்லுல ஒரு ஷிப்டுக்குக் காணாதேடி! அம்புட்டுப் பேர வச்சுக்கிட்டு வானத்துக்கு விட்ருவாவளா?"

அவள் அடுக்கு கேரியரை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ரெண்டு பேருக்குச் சோறுன்னா ரெண்டு கிண்ணம் அடுக்குவ. அஞ்சு பேருக்குன்னா அஞ்சு. கிண்ணம் எல்லாம் ஒண்ணுதானே? இவிய ராக்கெட்டும் அப்படித்தான். ஒரே மாதிரி துண்டு துண்டா செஞ்சு வச்சுக்கிடுவாவ. சின்ன சாட்டிலைட்டுன்னா கொஞ்சம் துண்டு, பெருசுன்னா கூடக் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் புதுசா செய்ய வேண்டாம். செலவு கம்மி."

"அப்ப அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல யாரு பிடிச்சுக்கிடுவா?"

"அதுதாம்மா நம்ம வளையம்."

அன்றைக்கே நானும் ஷெட்டுக்கு வாரேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

எனக்குக் கொடுத்தது கடைசி வேலை. கறுப்பாக, அரிசி புடைக்கிற சொளகு அகலத்தில் இருக்கும் அந்த வளையம். அதன் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு மருந்தால் துடைத்து என்னிடம் கொடுப்பார்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு, கவருக்குள் வைத்து, காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். கம்பெனியில் கவரைப் பிரித்தால் நேரே பசை தடவி ராக்கெட் துண்டின் குழாயோடு சேர்த்துவிடுவார்கள். மறுபடி துடைக்க மாட்டார்கள்.

மகள் ஏகப்பட்ட சட்டம் போட்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக்கூடாது. பூ கூடாது, பவுடர் கூடாது, முடி வெளியே தெரியாமல் தொப்பி போட வேண்டும்.

"ஏன்க்கா, ராக்கெட்டு என்ன புது மாப்பிள்ளையா, எண்ண வாசம் பிடிக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட, இம்புட்டுக் கெடுபிடி பண்ணுதிய?" என்று கேட்டாள் வத்திராயிருப்பிலிருந்து வருகிறவள். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அவளுக்கு. எல்லாரும் சிரித்தோம்.

"சாமானுக்குப் பொட்டு கிட்டு வைக்கிறதும் கூடாது," என்றாள் மகள். சொல்லும்போது என்னை மட்டும்தான் பார்த்தாள்.

மில்லானாலும் தறியானாலும் எங்கள் பக்கம் முதல் உருப்படிக்குப் பொட்டு வைக்காமல் வெளியே அனுப்புவது இல்லை. புது மிஷினில் இறங்கிய முதல் கோனுக்கு நானே எத்தனையோ தடவை வைத்திருக்கிறேன். சோதனைக்கு என்று மூன்று வளையம் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வானத்துக்குப் போகிற சாமான், வெறுமனே போகலாமா? மனசு கேட்கவில்லை.

வெளியே வைத்தால் மகள் பார்த்துவிடுவாள். அதனால் உள்பக்கம் வைத்தேன். வெறும் குங்குமம் அதில் ஒட்டாமல் உதிர்ந்தது. சாமி விளக்குக்கு என்று ஷெட்டில் வைத்திருந்த நல்லெண்ணெயில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தேன். கையுறையைக் கழற்றி, மோதிர விரலால் முதல் வளையத்தில் மட்டும் மூன்று பொட்டு. கண்ணை மூடிக் கும்பிட்டேன். பிறகு சுவடு தெரியாமல் முந்தானையால் துடைத்துவிட்டு, கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். கும்பிட்டது சாமிக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒரு பெண், ஓர் ஆண். இரண்டு பேரும் இன்ஜினியர்கள். பேசியதெல்லாம் அந்தப் பெண்தான். மூன்று வளையத்தையும் குழாயில் ஒட்டி, மிஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தார்களாம். இரண்டு தாங்கி நின்றது. ஒன்று பாதி இழுப்பிலேயே பிய்ந்து வந்துவிட்டது.

பிய்ந்ததை மேஜை மேல் வைத்தாள். உள்பக்கம் முழுக்கப் பசை பிடித்துச் சொரசொரப்பாக இருந்தது. மூன்று இடத்தில் மட்டும், பழைய எட்டணா அகலத்துக்கு, பசை ஒட்டவே இல்லை. பளபளவென்று வட்டமாக இருந்தது.

என் விரல் எனக்குத் தெரியாதா? கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"எண்ணெய்ப் பசை மாதிரி தெரியுது," என்றாள் அந்தப் பெண். "பேக்கிங்குக்கு முன்னாடி யாராவது தெரியாம தொட்டாங்களா?"

எல்லார் கண்ணும் ஒரே பக்கம், அந்த நீள முடிக்காரி பக்கம் போனது. வத்திராயிருப்புக்காரி தொப்பியை இழுத்து இழுத்து விட்டாள். "என்னிய எதுக்குப் பாக்கிய? சத்தியமா நான் எண்ண வைக்கலக்கா. எம் பிள்ள மேல சத்தியம்," என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அழாதீங்க. யாரையும் குறை சொல்ல நாங்க வரல," என்றாள் இன்ஜினியர் பெண். "எங்களுக்குக் காரணம் தெரியணும், அவ்வளவுதான். காரணம் தெரிஞ்சா சரி பண்ணிடலாம். தெரியலைன்னா, நல்லா இருக்கிற ரெண்டு வளையத்தையும் நாங்க நம்ப முடியாது. வேற இடம்தான் பார்க்கணும்."

மகள் முகம் வெளுத்துவிட்டது. இந்த வேலையை நம்பித்தான் டிராக்டர் மூடி வேலையை விட்டிருந்தாள். எட்டு வீட்டு அடுப்பும் இதில்தான் எரிகிறது.

மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவர்களுக்கு இலை போட்டோம். உள்ளுக்குள் என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் ஒரு புகார் வாங்காத கை. இத்தனை பேர் முன்னால், அதுவும் பெற்றவளைப் போல வளர்த்த பிள்ளையின் முன்னால், நான்தான் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடுவார்கள், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்றும் தோன்றியது. அப்போது மூலையில் வத்திராயிருப்புக்காரியைப் பார்த்தேன். தூக்குவாளியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் இன்ஜினியர் பெண்ணின் முன்னால் நின்றேன்.

"தாயி, அது நாந்தான். பொட்டு வச்சேன்."

"என்ன வச்சீங்க பாட்டி?"

சொன்னேன். குங்குமம், எண்ணெய், மூன்று பொட்டு, முந்தானை, எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுப் பேரில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண் ஒருத்திதான் வாய் பொறுக்காமல், "ஏமி பெத்தம்மா! ராக்கெட்டுக்கேவா பொட்டு வச்சிய?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மகள் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்ஜினியர் பெண் கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் நோட்டை எடுத்தாள். "என்ன எண்ணெய்? நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா? எவ்வளவு? எந்த விரல்? துடைச்சு எவ்வளவு நேரம் கழிச்சு கவர் போட்டீங்க?" கோர்ட்டில் கேட்பது போலக் கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "மத்த ரெண்டுலயும் வைக்கலையே? நிச்சயமா?" என்றாள்.

"முதல் உருப்படிக்குத்தாம்மா வைக்கது. எல்லாத்துக்கும் வைக்க அது என்ன பந்தி எலையா?"

அப்போதுதான் அவள் சிரித்தாள். அவளோடு வந்தவரைப் பார்த்து, "அதான் ரெண்டு நின்னுச்சு," என்றாள். என் பக்கம் திரும்பி, "பாட்டி, இன்னொரு வளையத்துல அதே மாதிரி திரும்பச் செஞ்சு காட்டுங்க. சொன்னா மட்டும் பத்தாது. இதுதான் காரணம்னு நாங்க பார்த்துக்கணும்," என்றாள்.

துடைத்து வைத்த உபரி வளையம் ஒன்றை எடுத்து வந்தார்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, அதே எண்ணெய், அதே விரல், அதே மூன்று இடம். துடைத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நான்கு நாளும் மகள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள். "வேணாம்னு சொன்னேம்லாம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வத்திராயிருப்புக்காரிக்கு ஒரு பால்கோவா டப்பா வாங்கிக் கொடுத்தேன். "விடுங்க ஆச்சி, எம் முடியப் பாத்து இவளுவளுக்கு வயித்தெரிச்சல்," என்று அங்கேயே பிரித்து, எல்லாருக்கும் கொடுத்து, எனக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது. மகள் காதில் வைத்துக்கொண்டு ம், ம் என்று கேட்டாள். திடீரென்று ஷெட்டே அதிரக் கத்தினாள். "கழண்டுருச்சும்மா! அதே மூணு இடம்! அப்படியே கழண்டுருச்சு!"

ஒரு சாமான் பிய்ந்துபோனதற்கு இத்தனை சந்தோஷப்பட்டவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. காரணம் தெரிந்துவிட்டது, அதனால் மற்ற வளையங்களை நம்பலாம், வேலை நமக்குத்தான் என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தொப்பி போட்ட தலைதான். இருந்தாலும் எனக்குப் போதும்.

இப்போது புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் சொல்லிக் கொடுத்தது, அதை நான்தான் செய்கிறேன். கவரில் போடுவதற்கு முன்னால் வளையத்தின் உள்பக்கம் சுத்தத் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரே விரிப்பாகப் பரவினால் சுத்தம். எங்காவது விலகிச் சொட்டுச் சொட்டாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பத் துடைக்க வேண்டும். நல்லதைப் பார்த்துப் பார்த்து, பிறகு காயவைத்து, நானே ஒட்டுகிறேன். இது வரைக்கும் என் கவரில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

பொட்டை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அட்டைப்பெட்டி மூடியில் வைக்கிறேன். கம்பெனியிலேயே சரி என்று சொல்லிவிட்டார்கள். ராக்கெட் இன்னும் கிளம்பவில்லை. ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களாம், கடற்கரையிலிருந்து விடுவார்களாம். விடுகிற அன்றைக்கு எங்கள் எல்லாரையும் வேன் வைத்துக் கூட்டிப்போவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். வத்திராயிருப்புக்காரி இப்போதே சேலை எடுத்துவிட்டாள்.

ஒரு தப்பு நடந்தால், செய்தவர் கையாலேயே நடந்ததை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது அந்தக் கம்பெனியின் வழக்கம். என்னையும் கேட்டார்கள். நாலு வரி எழுதிக் கொடுத்தேன், அது அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆனால் பேனாவைப் பிடித்த பிறகு நாலு வரியோடு நிறுத்த மனசு வரவில்லை. மீதியை இந்தக் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். மூன்று வாரம் ஆனது.

மகளின் மகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசியிருக்கிறாள்.

"ஏட்டி, மொதல்ல கையக் கழுவு. எண்ணக் கையோட நோட்டத் தொடாத. செத்த நேரம் இப்படி உக்காந்து இத வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தாப் பொறவு திருத்திக்கிடலாம். நான் பொட்டு வச்சேன்னு சொன்ன எடத்துல மட்டும் சத்தமா வாசி, உங்கம்மாவும் கேக்கட்டும். ம், ஆரம்பி. எனக்கு எழுபத்து நாலு வயசுன்னு இருக்குல்லா, அங்கேருந்து."