படைகளுக்குப் பெயர் வைத்த கோடை

போன வாரம் வங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கரன்ட் போனது. ஏதோ ஒரு மேசைக்கு அடியிலிருந்து யூபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது. கவுன்டரில் இருந்த பெண் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. உடனே சேவ் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் நம் ஆட்கள் அழிந்துபோவார்கள் என்று ஒரு பதற்றம். எந்த ஆட்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மாணவர்களுக்குத் தெரிந்ததைவிட எனக்கு ஒரு பாடம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். மாடியில் சென்டர், கீழே பேக்கரி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்தால் தரைவிரிப்பின் புழுங்கல் வாடை. பதினொரு மணிக்கு அதை அடித்துத் துரத்திக்கொண்டு காரா பன் வாசனை படியேறி வரும். வெங்காயமும் பச்சைமிளகாயும் மாவோடு வெந்த அந்த வாசனைக்கு இன்றும் எனக்குப் பசி வருவதில்லை, விரல்கள் கீபோர்டைத் தேடுகின்றன.

என்னோடு அங்கே இரண்டு பேர். ஒருவன் மஞ்சு, கன்னடக்காரன், மெஷின்களைக் கழற்றி மாட்டுகிறவன். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவன். இன்னொருத்தி தங்கமணி. ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியிலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கி, டேட்டா என்ட்ரி வேலை பார்த்தாள். அவள் பேசும் தமிழில் கோயமுத்தூர் வாடை அடிக்கும். என் தமிழோ மைசூரிலேயே பிறந்து பாதி கன்னடமாகிப்போன தமிழ். "நீங்க தமிழ் பேசறீங்களா, இல்ல பஸ் ஸ்டாண்டுல போர்டு படிக்கறீங்களாக்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

எங்கள் முதலாளியம்மா மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரத்துக்காகவே மஞ்சு எங்கிருந்தோ ஒரு போர் விளையாட்டைக் கொண்டுவந்து ஓரத்து மெஷினில் ஏற்றியிருந்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நிலம். பச்சைக் கட்டம் வயல், நீலக் கட்டம் ஆறு. எங்கள் படைகள் பழுப்பு நிறம், எதிரி சாம்பல் நிறம். எந்த நாடு எந்த நாட்டோடு எதற்காகச் சண்டை போடுகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நாம் ஒரு முறை நகர்த்தினால் கம்ப்யூட்டர் ஒரு முறை நகர்த்தும். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே மூன்று பேரும் சேர்ந்து யோசித்து ஆடலாம்.

முதல் நாட்களில் படைகளை நாங்கள் தண்ணீராகச் செலவழித்தோம். 'ஏழாவது காலாட்படை', 'மூன்றாவது பீரங்கிப்படை' என்று ஆங்கிலத்தில் எண்கள்தான் இருக்கும். ஏழாவது போனால் எட்டாவது. யாருக்கு என்ன வந்தது? ஒரு நாள் மஞ்சு தற்செயலாக ஒரு படையின் பெயர் மேல் மவுஸ் எலியை வைத்து அழுத்த, அந்த இடம் வெளுத்துக் கோடு ஒன்று மினுக்கியது. பெயரை அழித்து நாமே எழுதலாம்!

அதன் பிறகு விளையாட்டே வேறாகிவிட்டது. மஞ்சு தன் டாங்கிகளுக்குத் தசரா யானைகளின் பெயர்களை வைத்தான். அவனுடைய சித்தப்பா யானைக் கொட்டாரத்துப் பக்கம் குடியிருந்தார், எல்லா யானையும் அவனுக்குப் பழக்கம். நான் தூரத்திலிருந்து சத்தம் போடும் பீரங்கிப் படைக்கு ஆங்கில எழுத்தில் 'பெரியப்பா' என்று வைத்தேன். எட்டு எழுத்துக்கு மேல் வாங்காது என்று கம்ப்யூட்டர் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டது. எங்கள் பெரியப்பாவையே யாராவது பாதியில் நிறுத்திய ஒரே சந்தர்ப்பம் அதுதான். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் பெயர் வைத்த மறுநாளே மஞ்சு ஒரு டாங்கியை முன்னே அனுப்ப மாட்டேன் என்றான். "அவன் வயசானவன்ரீ, பாவம்" என்றான். நேற்றுவரை அது வெறும் எண். நான்கு எழுத்து எழுதியதும் அதற்கு வயது வந்துவிட்டது!

தங்கமணி மட்டும் எதற்கும் பெயர் வைக்கவில்லை. "எனக்கு எதுவும் தோணலீங்க" என்பாள். அந்த வருடம் கோடை முற்றியபோது வடக்கே பனிமலையில் சண்டை மூண்டது, நிஜச் சண்டை. கீழே பேக்கரியில் டிவி முன்னால் எந்நேரமும் கூட்டம். ஒரு மதியம் தங்கமணி என் கையிலிருந்து கீபோர்டை மெல்ல இழுத்துக்கொண்டு, ஆற்றங்கரை ஊரில் நின்ற ஒரு காலாட்படைக்கு PALANI என்று எழுதினாள். எழுதிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் எல்லாப் படையும் நகர்ந்தது. பழனி மட்டும் ஆற்றங்கரையிலேயே நின்றது.

"பழனி யாகே, ஏன் சும்மா நிக்கறான்? முன்னாடி அனுப்பு தங்கமணி" என்றான் மஞ்சு.

"அங்கயே நிக்கட்டும்."

"அதல்ல, அவன் போனாத்தான் பாலத்தைப் பிடிக்கலாம்..."

"என்ற அண்ணன் பேரு அது, மஞ்சு" என்றாள். "பட்டாளத்துல இருக்கறான். மலைக்குப் போறோம்னு லெட்டர் போட்டான். அப்பறம் ஒண்ணுமே வரல."

நாங்கள் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மஞ்சு எலியிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாலத்தை நாங்கள் பிடிக்கவில்லை.

ஆனால் கம்ப்யூட்டருக்கு அண்ணன் தங்கை தெரியுமா? இரண்டு வாரம் கழித்து சாம்பல் படை பாலத்தைத் தாண்டி ஆற்றங்கரை ஊருக்கு வந்துவிட்டது. வழக்கமாகத் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் மஞ்சு பழைய சேவுக்குத் திரும்பிப்போய் வேறு மாதிரி ஆடுவான். அன்றும் அதற்குத்தான் கை வைத்தான்.

"வேண்டாம்" என்றாள் தங்கமணி. "திரும்பிப் போகக் கூடாது. அங்க அப்படியெல்லாம் முடியாதில்ல?"

அதன் பிறகு நடந்ததை நான் சொன்னால் வெறும் விளையாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மஞ்சு எங்கள் தலைநகரைக் காவல் காத்துக்கொண்டிருந்த படைகளை யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பினான். முன்னே போகவே கூடாது என்று அவன் பொத்தி வைத்திருந்த வயதான யானை முதலில் வந்து பழனிக்கு முன்னால் நின்றது. அடுத்த சுற்றில் அது இல்லை. அடுத்த யானை வந்தது. என் பெரியப்பா அந்தப் பக்கம் நின்று சுட்டுச் சுட்டு அவரும் போனார். ஆட்டத்தில் ஜெயிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத பையன் மஞ்சு. தன் படைகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை நகர்த்திக்கொண்டிருந்தான். டப்பாவில் சித்ரான்னம் காய்ந்துகொண்டிருந்தது. தலைநகர் விழுந்தது என்று கொட்டை எழுத்தில் அறிவிப்பு வந்தது. ஆற்றங்கரையில் பழனி நின்றது. பக்கத்தில் பத்து என்றிருந்த பலம் இரண்டாகியிருந்தது. ஆனால் நின்றது.

சரியாக அப்போது கரன்ட் போய் யூபிஎஸ் கத்தியது. "சேவ் மாடு, சேவ் மாடு!" என்று மஞ்சு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் அலறினான். சேவ் செய்துவிட்டேன். திரை அணைந்தது. இருட்டில் தங்கமணி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், மழை பிடித்த பிறகு ஒரு நாள் கௌதள்ளியிலிருந்து போன் வந்து, 'அண்ணன் நல்லா இருக்கறானாம், லெட்டர் வந்திருக்குதாம்' என்று அவள் படியேறிவந்து சொன்னபோது, நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் ஓரத்து மெஷினைத் திரும்பிப் பார்த்தோம்.

தசரா சமயத்தில் அண்ணன் பழனிசாமி லீவில் வந்தார். ஒல்லியான மனிதர், கன்னத்துத் தோல் குளிரில் கறுத்து உரிந்திருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக, நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். தங்கமணி வெட்கத்தோடு விளையாட்டைத் திறந்து ஆற்றங்கரையைக் காட்டினாள். மஞ்சு முழுக் கதையையும் சொன்னான், இறந்த யானைகளின் பெயர்களோடு. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரைக்கு மிக அருகே குனிந்து தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேர மாத்தலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். ஒற்றை விரலால் தன் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தார். "ஏண்ணா அழிக்கறே?" என்றாள் தங்கமணி.

"நாந்தான் வந்துட்டனே. என்ற பேரு எதுக்கு அங்க நிக்கோணும்?"

பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். SEVALAI.

"யாருங்க செவலை?" என்றேன், ஏதோ ஊர்க்காரர் பெயர் என்று எண்ணிக்கொண்டு.

"கோவேறு கழுதைங்க. மேல எங்களுக்குத் தண்ணி, ரொட்டி, குண்டு எல்லாம் அதுதான் கொண்டாந்துச்சு. ஆளு நிமுந்து நடக்க முடியாத எடமுங்க. அதுக்குக் கால் கொளம்புல நெம்பர்தான் போட்டிருப்பாங்க. நெறத்தப் பாத்து நாந்தான் பேரு வெச்சேன். எங்கூட்டு மாட்டுப் பேரு. வடநாட்டுப் பசங்களும் செவலே, செவலேன்னுதான் கூப்புடுவாங்க. ஒரு நா சுமையோட ஏறுச்சுங்க. எறங்கல."

மஞ்சு மெதுவாகக் கேட்டான். "அண்ணா, அதுக்கு சப்ளை லாரி இருக்கு. லாரிக்கு வைக்கலாமா?"

"இல்ல தம்பி" என்றார் பழனிசாமி. "அது எங்களுக்கு முன்னாடி போனதாக்கும். இங்கயே நிக்கட்டும்."

அன்று மைசூர் முழுக்க விளக்கு அலங்காரம். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த எதுவும் கண்ணில் ஏறவில்லை. மின்னும் திரையில் ஏழு எழுத்துகள், அவற்றின் முன் கைகட்டி நின்ற ஒரு சிப்பாய். அதைவிடப் பெரிய ஒன்றை அந்தத் தசராவில் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் வந்தன, எங்கள் வகுப்புக்கு ஆள் வருவது நின்றது. தங்கமணி கல்யாணமாகித் திருப்பூர் போனாள். மஞ்சு பெங்களூர் போய், அங்கிருந்து எங்கோ கடல் தாண்டிப் போனான். முதலாளியம்மா மெஷின்களையெல்லாம் மொத்தமாக விற்றுவிட்டார். இப்போது பேக்கரியும் இல்லை, மாடியும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது.

ஓரத்து மெஷின் எந்தப் பழைய இரும்புக் கடையில் உடைபட்டதோ தெரியாது. பனிமலையில் சுமையோடு விழுந்த ஒரு ஜீவனின் பெயர் உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது.