புதினாக் கஞ்சியும் தெரேஸ் அக்காவும்

தெரேஸ் அக்கா மாரடைப்பில் போய்விட்டதாக அவர் தம்பி காலையில் தொலைபேசியில் சொன்னார். உப்பளம் பகுதியில் இருந்த அவரது சிறிய சாப்பாட்டுக்கடையில் கை நனைத்தவர்கள் யாரும் அவரை மறக்கமாட்டார்கள். என் அலுவலகம் பக்கத்திலேயே இருந்ததால், பல ஆண்டுகள் எனக்கு மதியச் சாப்பாடு அங்கேதான்.

அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது கடைக்கு வரும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகுதான் கடையை மறுபடி திறந்தார். கீமோ நாட்களில் எதைச் சாப்பிட்டாலும் குமட்டியது. புதினாவும் இஞ்சியும் போட்ட கஞ்சி மட்டுமே தொண்டையில் இறங்கியதாம். அந்தக் கஞ்சியைக் கடையிலும் வைத்தார். புதினாவும் மஞ்சளும்தான் அவரைக் காப்பாற்றின என்று நாங்கள் பேசத் தொடங்கினோம். "நல்லாத்தான சொல்றாங்க, சொல்லிட்டுப் போறாங்க" என்று சிரித்தார் அக்கா.

ஒருநாள் மூலக்குளத்திலிருந்து முருகன் என்பவர் கஞ்சி வாங்க வந்தார். சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலை. அவர் மனைவிக்கும் அதே நோய்.

"கீமோவ நிறுத்திட்டோம்க்கா. உங்கள மாதிரி புதினாவும் மஞ்சளுமே குடுக்கறோம்."

"நான் கீமோ போட்டுக்கலன்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

"எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க."

அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு அவரோடு ஆட்டோவில் ஏறினார். அந்தப் பெண்ணிடம் பேசி, மருத்துவமனைக்கும் கூடவே போனார். நோய் பரவியிருந்தது. மறுபடி சிகிச்சை தொடங்கியும் அவர் பிழைக்கவில்லை. நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"நான் சிரிச்சிட்டு இருந்தேன் பாரு தம்பி, அதான் ஆறல" என்றார் அக்கா என்னிடம்.

அதன்பின் யார் கஞ்சி கேட்டாலும், "வாய்க்கு ருசியா இருக்கும், அவ்ளோதான். நோய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லித்தான் ஊற்றுவார். மஞ்சளைப் பற்றித் தன் மருத்துவரிடமே கேட்டு வந்தார். குழம்பில் போடுவதில் தவறில்லை. மாத்திரையாக விழுங்கினால் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கலாம், கேட்காமல் சாப்பிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் செல்களிடம் காட்டும் வேலையை மஞ்சள் நம் உடம்பிலும் காட்டும் என்று நம்பிவிட முடியாது. உணவே மருந்து என்று யாராவது ஆரம்பித்தால், "சோறு சோறுதான், மருந்து மருந்துதான்" என்று வெட்டிவிடுவார்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் என்ன செய்தோம்? அடக்கத்தன்று தெருமுனையில் பேனர் கட்டினோம். "மூலிகையால் புற்றுநோயை வென்ற வீரமங்கை." அந்த வாசகத்துக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

மாலையோடு வந்த முருகன் அதன் முன்னால் நின்று படித்தார். பிறகு என்னிடம், "அக்கா இத ஒத்துப்பாங்களா சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தார். மறுபக்கத்தை நான் அவிழ்த்தேன்.

பொய்யான புகழைச் சிரித்து விட்டுவிடாமல் அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அவருக்கு அது தாமதமாக வந்தது. எனக்கு, அவர் போன பிறகு.