ஒரே துவையல்

பனியன் கம்பெனி வைத்திருந்தவரின் மகன் நான். சொந்தமாக வெட்டித் தைத்த டி-சர்ட் என்று என் வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஒரே துவையலில் என் நண்பனின் தொப்புளை ராயபுரத்துக்கே காட்டிவிட்டது.

அப்போது எட்டாம் வகுப்பு. அவன் குடும்பம் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தது. அவன் அம்மா எங்கள் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு என் கையால் சட்டை தைத்துத் தருவதாக அவனிடம் பீற்றிக்கொண்டேன்.

"ரோலைப் பிரிச்சு ஒரு ராத்திரி சும்மா போட்டு வை கண்ணு. இழுத்துச் சுத்துன துணி, அடங்கட்டும். இல்லாட்டித் துவைச்சதும் சுருங்கிப்போயிரும்" என்றார் அப்பா. மேதைகளுக்கு ஏது பொறுமை? அன்றைக்கே வெட்டினேன்.

கிறிஸ்துமஸுக்குக் கச்சிதமாக இருந்தது. துவைத்துப் புத்தாண்டு ஆராதனைக்குப் போட்டுப்போனவன் கைகளை உயர்த்திப் பாடியபோது, பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்னலே தச்சிருக்க?" என்று கேட்டு வந்தான்.

"உங்கம்மாவுக்குத் துவைக்கத் தெரியலடா" என்றேன்.

சட்டையை என் காலடியில் போட்டுவிட்டுப் போனான். வகுப்பிலும் பெஞ்சு மாறிவிட்டான். என் பெருமைகளைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

விஷயம் அப்பாவின் காதுக்குப் போயிற்று. திட்டவில்லை. "அந்தம்மாகிட்டப் போயி, நான்தானுங்க அவசரப்பட்டு வெட்டிப்போட்டேன்னு சொல்லு. அப்பறம் அவனைக் கூட்டியா."

சொன்னேன். அந்தம்மா என்னைவிடச் சங்கடப்பட்டு டீ கொடுத்தார். அவன் ரெண்டடி தள்ளியே என் பின்னால் வந்தான்.

மடித்து வைத்திருந்த துணி ஒன்றை எங்களிடம் கொடுத்து, மேஜைமேல் விரிக்கச் சொன்னார் அப்பா. "இனி ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா உக்காருங்க." துணிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வெகுநேரம் கழித்து, "அந்தப் பாட்டுல கையத் தூக்கச் சொன்னவன மிதிக்கணும்லே" என்றான். சிரிக்கத் தொடங்கியவர்கள் இருட்டும்வரை நிறுத்தவில்லை. மறுநாள் அப்பாவே வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

அது ஏற்கெனவே அடங்கிய துணி, உடனே வெட்டியிருக்கலாம் என்று வளர்ந்த பிறகே தெரிந்தது. அப்பா எதற்காகக் காக்க வைத்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இப்போது சொந்தமாகக் கம்பெனி நடத்தும் அவனிடம் போன மாதம் இதைச் சொன்னேன். ஏறக்குறைய ஒரு பிரசங்கமே செய்தேன்.

"போலே. அன்னைக்குப் பூரா கரண்டு இல்ல. மெசினு ஓடாம உங்கப்பா வேற என்னத்தச் செய்வாரு?"