செல்வியின் படகில் வானம்

அரசலாற்றங்கரையில் புது ஃபைபர் படகு ஒன்று நிற்கிறது. அதன் நீல முகப்பில் ஒரு பெண் வெள்ளை பெயிண்டால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிடுகின்றன. நான் சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். காரைக்காலில் இந்த எழுத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க எழுதுறீங்க?"

"வானம். சீனாக்காரங்களுக்கும் ஜப்பான்காரங்களுக்கும் சொர்க்கமும் இதே எழுத்துதானாம். எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூருல இருக்காரு. அவரு போன்ல சொல்லச் சொல்ல எழுதிப் பழகினேன்."

அவர் பெயர் செல்வி. பழைய படகைச் சுனாமி கொண்டுபோனபின், மீன் விற்றுத் தன் பெயரிலேயே இதை வாங்கியிருக்கிறார்.

தயங்கித் தயங்கிச் சொல்கிறேன். கைகளை விரித்து நிற்கும் மனிதன், அவன் தலைக்கு மேல் ஒரு கோடு: அதுதான் வானம், 天. இவர் எழுதியதில் மனிதனின் தலை அந்தக் கோட்டைத் தாண்டி நீண்டிருக்கிறது. அப்படி எழுதினால், 夫, கணவன் என்று பொருள்.

செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வானத்துக்கு மேலயா தலைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு அந்த மனுசன்!"

உதவலாம் என்று பிரஷ்ஷை வாங்கக் கை நீட்டுகிறேன்.

"வேணாங்க. என் படகு, நானே திருத்திக்கிறேன்."

நீல பெயிண்டைத் தொட்டு, நீண்டிருந்த தலையை ஒரே இழுப்பில் மறைக்கிறார். பின்னால் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறார்.

"இப்பப் படிங்க."

"வானம்."

"சத்தமாச் சொல்லுங்க. அங்க வலை பின்றவங்களுக்கும் கேக்கட்டும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்கச் சொல்கிறேன்.