ஆற்றுத்தாய்க்கு முகம் காட்டியவன்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. வாரம் முழுக்க மெழுகில் ஊரார் பல்லைச் செதுக்கிவிட்டு, விடுமுறை நாளில் சாமிகளைப் படைப்பாள். அவள் தம்பியும் அவன் கூட்டாளிகள் மூவரும் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகி விளையாடும் கற்பனை உலகத்துக்கு அவள்தான் புராணம் எழுதுகிறவள். அதனால் அவர்களுக்கு அவள் 'பூசாரி'.

அந்த உலகத்தின் கவசக் குதிரைப்படைக்கு ஒரு வழக்கம் வைத்தாள். குதிரைகள் ஆற்றுத்தாய் இரவல் தந்தவை. பாலத்தைக் கடக்கும்போது வீரன் தலைக்கவசத்தைக் கழற்றி அவளுக்கு முகம் காட்ட வேண்டும். காட்டாதவனைத் திருடன் என்று நினைத்து, குதிரையோடு உள்ளே இழுத்துக்கொள்வாள். எழுதும்போதே உடம்பு புல்லரித்தது. நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் காலை பேருந்தில் போகையில் ஊர்ப் பாலத்தின்மேல் தம்பியைப் பார்த்தாள். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை அவனுக்கு. லாரிகளுக்கு நடுவே ஒரு கையால் பைக்கை ஓட்டியபடி, மறு கையால் ஹெல்மெட்டைக் கழற்றி, ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், அது நான் சும்மா எழுதுனதுடா!”

“தெரியும்க்கா. போன மாசம் பாலத்துல ஹெல்மெட்டோட போறப்ப ஒரு லாரி உரசிட்டுப் போச்சு. அதுலேர்ந்து கழட்டாம பாலத்தைத் தாண்ட முடியல.”

உடனே உட்கார்ந்து புதுப் புராணம் எழுதினாள். ஆற்றுத்தாய் மனமிரங்கிவிட்டாள், இனி யாரும் முகம் காட்ட வேண்டாம். அவன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“இது நான் சாகக்கூடாதுன்னு நீ எழுதுனது. முன்னாடி எழுதுனது அப்படி இல்லையே, தானா வந்தது.”

அதன்பின் வேலையில் பல்வரிசை கோணியது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

கடைசியில், பைக் என்றாலே நடுங்குகிறவள், ஒருநாள் காலை அவன் பின்னால் ஏறிக்கொண்டாள். பாலம் வந்தது. அவன் கை ஹெல்மெட்டுக்குப் போனது. அவளும் தன்னுடையதைக் கழற்றினாள்.

“நீ எதுக்குக்கா? போட்டுக்கோ!”

“நானும் குதிரைமேலதானே உக்காந்திருக்கேன்.”

பின்னால் லாரி ஹாரன் அலறியது. அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். வண்டி மெதுவாகி ஓரமாக நின்றது. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“எறங்கு,” என்றான்.

வெறும் தலையோடு, பைக்கைத் தள்ளிக்கொண்டே இருவரும் நடைபாதை வழியாக மறுகரைக்குப் போனார்கள். நடுப்பாலத்தில் அவன் நின்று ஆற்றைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

இப்போதும் அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் பாலத்தைக் கடக்கிறான். தாமதமாக வருகிறான் என்று திட்டு வாங்குகிறான். குதிரைப்படைக்கு இன்னொரு சடங்கு வேண்டுமென்று கூட்டாளிகள் நச்சரிக்க, குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, லாடத்தைத் துடைப்பது என்று ஆபத்தில்லாத எதையாவது எழுதித் தருகிறாள்.

“என்ன பூசாரி, சாமிக்கு வயசாயிடுச்சா?” என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருக்கிறாள்.