செல்வத்தின் இன்னொரு காது

மகளுக்குக் காது குத்தப் பெரம்பலூரில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். ஏசி அறை, ஸ்பிரிட் வாசனை, துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. 'டப்' என்றது, முடிந்துவிட்டது. அழக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. எனக்கோ அந்த இடத்திலேயே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. செல்வத்தின் காதுகுத்து ஞாபகம்தான்.

செல்வம் எங்கள் பங்க் இசைக்குழுவின் டிரம்ஸ்காரன். குழு என்றால் இரண்டே பேர். அவன் அடிப்பான், நான் கத்துவேன். பாட வராதவர்களுக்காகவே கண்டுபிடித்த இசை என்று நம்பித்தான் இறங்கினேன். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர் வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடிய காலம். சோற்றில் தூசி, தலையணையில் தூசி. தட்டிக்கேட்க நாலு பேர் கூடினால் போலீஸ் வந்து கலைத்துவிடும். கூட்டத்துக்கும் அனுமதி இல்லை, மைக்குக்கும் இல்லை. அந்தக் கோபத்தில் ஒரே வரியில் பாட்டுக் கட்டினோம்: "இருமுறதுக்கும் பெர்மிஷன் வாங்கணுமா சார்?" அதை ஊர் நடுவே ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தோம்.

காதுகுத்து மைக் செட்டை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை. செல்வத்துக்கோ சின்ன வயதில் காது குத்தவே இல்லை. அவன் அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. போய் மாமன் காலில் விழுந்தான். அவர் மாலையும் சீர்த்தட்டுமாக வந்து இறங்கிவிட்டார்.

தலையில் சேவல் கொண்டை வைத்த வளர்ந்த மருமகன், மாமன் மடியில் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவன் போட்ட அலறல்தான் எங்கள் இசை வாழ்க்கையின் உச்சம். பாட்டுக்கு ஊரே சேர்ந்து இருமியது. ஜீப்பில் எஸ்.ஐ. வந்து இறங்கினார்.

"நிறுத்துங்கய்யா! என்ன கூட்டம்?"

"மருமவனுக்குக் காதுகுத்துங்க. ஒரு காதுதான் ஆயிருக்கு," என்றார் மாமன், தொடை மரத்துப்போய்.

"இன்னொண்ணயும் குத்திட்டுக் கெளம்புங்க."

"வலிக்குது சார். கொஞ்சம் ஆறட்டும்," என்றான் செல்வம்.

ஆறும்வரை பாடினோம், அதாவது பொழுது சாயும்வரை. பந்தியில் எஸ்.ஐ.க்கும் இலை போட்டார்கள். சாப்பிடும்போது அவரும் இருமினார். அன்றைக்குப் பட்ட சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

லாரிகள் நிற்கவில்லை. இப்போது மாமன் இல்லை, குழு இல்லை, ஊர் கூடுவதும் இல்லை. கொண்டை இருந்த இடத்தில் செல்வத்துக்கு வழுக்கை. போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"இன்னொரு காத எப்பதான் குத்தப் போற?"

"குத்திட்டா விசேஷம் முடிஞ்சிரும்ல?"

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினான், நான் முந்தானையால். அது போகும்வரை இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.