ஒருத்தி மட்டும் பாடவில்லை

சமையல் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பித்தான் ரஷ்யாவுக்குப் போனான் என் தம்பி சேவியர். துப்பாக்கியைக் கொடுத்து உக்ரைன் போருக்கு அனுப்பிவிட்டார்கள். ராயபுரத்துக்குப் பெட்டியில் திரும்பி வந்தான்.

ஆறு மாதத்தில் எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கே உக்ரைன் பாடகர் குழு வந்தது. தங்கள் நாட்டுக்கு ஆதரவு தேடி ஊர் ஊராகப் பாடுகிறார்களாம். ஹார்பரில் ஷிப்டு முடிந்ததும் நேராகப் போனேன். மேடையேறி, முன்வரிசையில் நின்றவன் வாயிலேயே குத்தினேன். பல் உடைந்தது.

"என் தம்பியக் கொன்னுட்டு இங்க வந்து பாட்டா பாடிகினு கீறீங்க?"

விழுந்தவனை மிதித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னை அமுக்கினார்கள்.

மொழிபெயர்க்க வந்த பெண் நான் கத்தியதை அவனிடம் சொன்னாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் ஏதோ கேட்டான்.

"உங்க தம்பி பேரு என்னன்னு கேக்குறாரு."

"சேவியரு."

குழுவினர் இறந்தவர்களுக்கான ஜெபப் பாட்டைத் தொடங்கினார்கள். நடுவில் தம்பி பெயர் வந்தது. உடைந்த வாயோடு அவனும் பாடினான். ஓரத்தில் நின்ற ஒருத்தி மட்டும் வாயே திறக்காமல் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

அங்கே என் தம்பி யார் யாரைச் சுட்டான் என்று அவள் கேட்கவில்லை. நான்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.